பெரிய நாய்க்கு எவ்வளவு சோறு?

மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வளரும் 40 கிலோ லேப்ரடாரை நினைத்துக்கொள்வோம். கருத்தடை ஆன நாய். காலையில் கால் மணி நேரம், இரவில் கால் மணி நேரம் கீழே இறக்கி ஏற்றுவார்கள். மற்ற நேரமெல்லாம் டைல்ஸ் தரையில் படுக்கை, மின்விசிறிக் காற்று, வாசல் மணி அடித்தால் நாலு குரைப்பு. சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக்கு இரண்டு வீட்டில் இப்படியொரு நாய் இருக்கிறது. இதற்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வைக்க வேண்டும்?

வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று. பெரிய நாயாச்சே, அதற்கேற்ற மாதிரி நிறைய வையுங்கள் என்பது ஒன்று. பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருக்கும் அட்டவணைப்படி வையுங்கள் என்பது இன்னொன்று. போதும் என்று அதுவே விலகும்வரை வையுங்கள் என்பது மூன்றாவது. உட்கார்ந்தே வாழும் பெரிய நாயின் விஷயத்தில் மூன்றுமே ஒரே பக்கம்தான் தவறுகின்றன: அதிகப் பக்கம். அந்த அதிகம் அதன் மூட்டிலும் மூச்சிலும் ஆயுளிலும் போய்ச் சேர்கிறது. அதனால் இந்தக் கேள்விக்கு இதுவரை என்னென்ன விடைகள் வந்திருக்கின்றன, அவற்றில் எது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பொறுமையாகப் பார்ப்பது தேவை.

பெரிய உடம்புக்கு அதே விகிதத்தில் பெரிய சாப்பாடு என்ற எண்ணத்தை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் மாக்ஸ் ரூப்னர். 1883-இல் அவர் ஆய்வு செய்ததும் நாய்களைத்தான். சிறிய நாய், பெரிய நாய் என்று பல அளவில் எடுத்து, ஒவ்வொன்றின் உடலும் எவ்வளவு வெப்பத்தைச் செலவிடுகிறது என்று கணக்கிட்டார். நாய் பெரிதாகப் பெரிதாக, கிலோ ஒன்றுக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே போனது. வெப்பம் தோல் வழியாக வெளியேறுகிறது, பெரிய உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு குறைவு என்பது அவர் தந்த விளக்கம். 1932-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் பணியாற்றிய, சுவிட்சர்லாந்தில் பிறந்த மாக்ஸ் கிளைபர் பல விலங்குகளின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து, ஓய்வில் ஆகும் செலவு எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி நடக்கிறது என்று காட்டினார். ஏன் சரியாக முக்கால் என்பதில் உயிரியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நாய்க்குச் சோறு வைக்கிறவருக்கு அந்த வாதம் தேவையில்லை. விதி போதுமான அளவுக்கு வேலை செய்கிறது.

முக்கால் அடுக்கு என்றதும் மிரள வேண்டாம். சாதாரணக் கால்குலேட்டரில் எடையை மூன்று முறை பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் விடை வந்துவிடும். 40-ஐ மூன்று முறை பெருக்கினால் 64,000. அதன் வர்க்கமூலம் சுமார் 253, அதன் வர்க்கமூலம் 15.9. இதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 1,113 கலோரி. சும்மா படுத்திருக்கும் 40 கிலோ நாய் மூச்சுவிடவும் இதயம் துடிக்கவும் உடம்புச்சூடு காக்கவும் ஒரு நாளில் செலவிடுவது இவ்வளவு. (பாக்கெட்டில் கிலோ கலோரி என்று இருப்பதையே பேச்சில் கலோரி என்கிறோம். இங்கும் அப்படியே.) 10 கிலோ நாய்க்கு இதே கணக்கு 394 கலோரி தரும். எடை நான்கு மடங்கு, செலவோ மூன்று மடங்குகூட இல்லை. பக்கத்து வீட்டு ஸ்பிட்ஸுக்கு ஒரு கிண்ணம் என்றால் நம் வீட்டு லேப்ரடாருக்கு நான்கு கிண்ணம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேயே ஒரு கிண்ணத்துக்கு மேல் கூடுதலாக வைத்துவிடுகிறார்கள்.

ஓய்வுச் செலவு தெரிந்த பிறகு, நடமாட்டத்துக்காக அதை எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் நூல்கள் பிரிகின்றன. கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழி, ஓய்வுச் செலவை ஓர் எண்ணால் பெருக்குவது: கருத்தடை ஆகாத நாய்க்கு 1.8, ஆன நாய்க்கு 1.6, எடை போடும் சுபாவமுள்ளதற்கு 1.2 முதல் 1.4. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2006-இல் வெளியிட்ட ஊட்டத் தேவை நூல் வேறு வழியில் போனது. முக்கால் அடுக்கு எடையை நேரடியாக ஓர் எண்ணால் பெருக்கச் சொன்னது: ஆய்வகக் கூடங்களில் வளர்ந்த நாய்களுக்கு 130, அசைவு குறைந்த வீட்டு நாய்களுக்கு 95. ஐரோப்பியச் செல்லப்பிராணி உணவுத் துறையின் கூட்டமைப்பான ஃபெடியாஃப் இதை இன்னும் வகைப்படுத்தி, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நடமாடும் நாய்க்கு 95, ஒன்று முதல் மூன்று மணி நேரம் சங்கிலியில் நடக்கும் நாய்க்கு 110, எடை கூடும் சுபாவம் இருந்தால் 90 அல்லது அதற்கும் கீழே என்று வைத்திருக்கிறது.

இரண்டு முறைகளும் உண்மையில் அவ்வளவு தூரத்தில் இல்லை. 70-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 112. ஆகவே எல்லோரும் சொல்லும் அந்த 1.6, அளவாக நடமாடும் நாய்க்கான எண். அரை மணி நேரம் கீழே இறங்கி ஏறும் நம் நாய்க்கு அது பொருந்தாது. 95 என்பது ஏறக்குறைய 1.36 மடங்கு. உட்கார்ந்தே வாழும் பெரிய நாய்க்குக் கணக்கை 95-இல் தொடங்குவதுதான் சரி என்பது என் முடிவு. கூட்ட வேண்டியிருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஏறிய எடையை இறக்குவது அப்படி எளிதில்லை.

ஆனால் எல்லாப் பெரிய நாய்க்கும் இது ஒரே மாதிரி பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஐரோப்பிய வழிகாட்டியில் கிரேட் டேனுக்கு 200-க்கு மேலும், நியூஃபவுண்ட்லாந்துக்கு 105-ஐ ஒட்டியும் எண்கள் இருக்கின்றன. இரண்டும் ராட்சத இனங்கள், தேவையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபடுகிறது. டேனின் மெல்லிய தோல், குட்டை முடி, சும்மா இருக்க முடியாத குணம் ஒரு பக்கம். நியூஃபவுண்ட்லாந்தின் கம்பளிப் போர்வை போன்ற முடியும் நிதானமும் இன்னொரு பக்கம். ஓர் இனத்துக்குள்ளேயும் ஒரு நாயின் உண்மையான தேவை கணக்கிட்டதைவிடப் பாதி கூடவோ பாதி குறையவோ இருக்கலாம் என்று கால்நடை ஊட்டவியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். சூத்திரம் சொல்வது எங்கே தொடங்குவது என்பதை மட்டும். எங்கே நிற்பது என்பதை அந்த நாயின் உடம்புதான் சொல்லும்.

இன்னொரு இடத்திலும் கணக்கு வழுக்கும். எந்த எடையை வைத்துக் கணக்குப் போடுவது? நம் 40 கிலோ லேப்ரடாரின் சரியான எடை 32 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ வைத்துப் போட்டால் 95 மடங்கில் சுமார் 1,510 கலோரி வரும். 32-ஐ வைத்துப் போட்டால் சுமார் 1,280. முதல் எண் அந்தக் கூடுதல் 8 கிலோவுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறது. கொழுப்புத் திசு தசையைப் போல ஆற்றலைச் செலவிடுவதில்லை. எனவே இருக்க வேண்டிய எடையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 40 கிலோவை எடுத்துக்கொண்டு 130 மடங்கில் போட்டால் 2,070 கலோரிக்கு அருகில் போய் நிற்கும். ஒரே நாய், ஒரே சூத்திரம், விடையில் 790 கலோரி வித்தியாசம். ஒரு சிறிய நாயின் ஒரு நாள் முழுச் சாப்பாட்டைவிட அது அதிகம்.

இருக்க வேண்டிய எடை எது என்பதற்குத் தராசு விடை சொல்லாது, கைதான் சொல்லும். 1997-இல் அமெரிக்கக் கால்நடை ஊட்டவியலாளர் டாட்டி லாஃப்லாம் வகுத்துச் சோதித்த ஒன்பது படி உடல்நிலை அளவுகோல் இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் கழுத்திலும் வால் அடியிலும் கொழுப்பு மூட்டை. 4, 5 சரியான நிலை. 5-க்கு மேல் ஒவ்வொரு படிக்கும் 10 முதல் 15 சதவீதம் எடை கூடுதல் என்று கொள்ளலாம். பார்க்கும் முறை எளிது. விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கூடுதல். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்ளே வாங்கியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும். முடி அடர்ந்த நாயில் கண்ணை நம்பவே கூடாது, கை வைத்தே ஆக வேண்டும்.

நம் ஊர்க் கண்ணுக்கு இங்கே ஒரு பழக்கக் கோளாறு இருக்கிறது. கொழுத்த லேப்ரடாரை "நல்லா வளர்த்திருக்காங்க" என்று மெச்சுகிறோம். விலா லேசாகத் தெரியும் சிப்பிப்பாறையையோ கன்னியையோ பார்த்தால் பட்டினி போடுகிறார்கள் என்று பரிதாபப்படுகிறோம். முயலை விரட்டிப் பிடிக்கப் பிறந்த அந்த இனங்களுக்குக் கடைசி விலா எலும்புகள் தெரிவதே இயல்பு. ராஜபாளையமும் ஓங்கி வளர்ந்த ஒடிசலான நாய்தான். நகரத்து வீட்டில் கட்டிவைத்து, லேப்ரடாரின் உருவத்தை மனத்தில் வைத்து அதை ஊட்டினால், ஓடப் பிறந்த உடம்பு சுமக்கப் பிறக்காத எடையைச் சுமக்கும். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. நாட்டு இனங்களைக் காக்க வேண்டும் என்று ஆசையாக வாங்கி வருகிறவர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள்.

அசைவு குறைந்த நாய் என்கிறோமே, ஏன் குறைந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். ஃபிளாட்டின் இடநெருக்கடியால் என்றால் அது ஒன்று. மே மாத வெயிலில் காலை ஏழு மணிக்கே நாக்கைத் தொங்கவிட்டு நடக்க மறுத்தால் அது வேறு. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. உடம்பு பெரிதாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருந்தால் வெப்பம் வெளியேறுவது இன்னும் கடினம். இவை இரண்டையும்விட முக்கியமானது வலி. இடுப்பு மூட்டுக் கோளாறும் மூட்டுத் தேய்மானமும் பெரிய இனங்களில் மலிந்தவை. வீட்டில் "சோம்பேறி" என்று பெயர் வாங்கிய நாய் உண்மையில் எழுந்திருக்க வலிப்பதால் படுத்தே கிடக்கலாம். நடுவயதில் சாப்பாடு கூடாமலே எடை கூடி, முடி உதிர்ந்து, மந்தமாகிக் கதகதப்பான இடம் தேடினால் தைராய்டு குறைபாடா என்று இரத்தம் பார்க்க வேண்டும். இந்த நிலைகளில் சோற்றைக் குறைப்பது மட்டும் போதாது. மருத்துவரிடம் முதலில் போக வேண்டும்.

கருத்தடைக்குப் பிறகு தேவை இறங்குகிறது என்பதில் ஆய்வுகளுக்குள் பெரிய சண்டை இல்லை. எவ்வளவு இறங்குகிறது என்பதில் வேறுபடுகின்றன. 20 முதல் 30 சதவீதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தேவை இறங்கும் அதே நேரத்தில் பசி ஏறுகிறது என்பதுதான் சிக்கல். அறுவை முடிந்த வாரத்திலிருந்தே அளவைக் குறைத்து, எடையைக் கவனிக்கத் தொடங்க வேண்டும். தையல் பிரித்த நாளில் தந்த அறிவுரைகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

லேப்ரடாரின் பசிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேம்பிரிட்ஜில் எலனர் ராஃபனும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டது. சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் பொருள்கள் உருவாவது அந்த மரபணுவிலிருந்துதான். குறைபாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் சராசரியாக 2 கிலோ அளவுக்கு எடை கூடுகிறது. உதவி நாய்களாகப் பயிற்சி பெறும் லேப்ரடார்களில் இது இன்னும் அதிகம் காணப்பட்டது. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைத்தான் பயிற்சியாளர்கள் விரும்பித் தேர்ந்திருக்கிறார்கள் போலும். 2024-இல் இதே குழுவின் அடுத்த ஆய்வு, இந்தக் குறைபாடுள்ள நாய்கள் ஓய்வில் சுமார் 25 சதவீதம் குறைவாக ஆற்றலைச் செலவிடுகின்றன என்று காட்டியது. பசி அதிகம், செலவு குறைவு. இப்படிப்பட்ட நாய், கிண்ணத்தை நக்கிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது என்றால் அது நடிப்பில்லை, அதன் பசி நிஜம். ஆனால் அந்தப் பசி அதற்கு எவ்வளவு தேவை என்பதற்குச் சாட்சியாகாது. போதும் என்று அதுவே விலகும்வரை வைப்பது என்ற மூன்றாவது பதில் இந்த இடத்தில் முற்றாக உடைகிறது.

இனி, 1,280 கலோரி என்பது தட்டில் எவ்வளவு? நம் வீடுகளில் குழப்பம் மிகுந்த இடம் இதுதான்.

பாக்கெட் உணவிலிருந்து தொடங்கலாம். எல்லாப் பைகளிலும் கலோரி அச்சிட்டிருப்பதில்லை. புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் ஆகியவற்றின் சதவீதம் இருந்தால் நாமே கண்டுபிடிக்கலாம். உதாரணமாகப் புரதம் 22, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் எனப்படும் தாதுக்கள் 8 என்றால் மிச்சம் 45 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு சுமார் 320 கலோரி. நம் நாய்க்கு ஒரு நாளைக்கு 400 கிராம். இன்னும் கொழுப்பு கூடிய, விலை கூடிய உணவு 380 கலோரி தரும் என்றால் 340 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். பையை மாற்றினால் அளவையும் மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. கிண்ணத்தால் அளப்பதையும் விட்டுவிட வேண்டும். ஒரே ஆள் ஒரே கோப்பையால் அள்ளினாலும் முறைக்கு முறை அளவு மாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுப்பது ஒன்றே நம்பத்தக்கது. பையின் அட்டவணை, கட்டுடம்பும் ஓரளவு ஓட்டமும் உள்ள சராசரி நாயை மனத்தில் வைத்தது. அசையாத நாய்க்கு அதை உச்ச வரம்பாக எடுத்துக்கொள்ளலாம், இலக்காக வேண்டாம்.

வீட்டுச் சமையல் இன்னும் வழுக்கும். 200 மில்லி டம்ளர் நிறைய அரிசி ஏறக்குறைய 170 கிராம், அதாவது 600 கலோரி. பெரிய நாயாச்சே என்று இரண்டு டம்ளர் அரிசி வடித்துப் போட்டால் 1,200. கோழியும் முட்டையும் தயிரும் சேர்வதற்கு முன்பே அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. கறிக்கடையில் நாய்க்கென்று வாங்கும் கோழிக் கழுத்து தோலோடு 100 கிராமுக்கு சுமார் 300 கலோரி. தோலை உரித்துவிட்டால் ஏறக்குறைய பாதி. முடி பளபளக்க என்று ஊற்றும் நெய், கிராமுக்கு 9 கலோரி. இவற்றில் எதுவும் விஷமில்லை. ஆனால் இத்தனையும் சேரும் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

நாய்க்குச் சோறே கூடாது என்ற கட்சியும் இப்போது பலமாக இருக்கிறது. நாய் ஓநாயின் வாரிசு, மாமிசம்தான் அதன் உணவு என்கிறார்கள். 2013-இல் உப்சாலா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட மரபணு ஆய்வு இதை மறுக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு கூடியிருக்கின்றன. மனிதனின் அடுப்படியை ஒட்டி வாழ்ந்த வாழ்க்கை அதன் குடலுக்கும் பழகிவிட்டது. வெந்த சோறு நாய்க்குச் செரிக்கும். சோற்றின் மேல் நான் வைக்கும் குறை வேறு. 1,200 கலோரி சோறாகவே போய்விட்டால் புரதத்துக்கும் கால்சியத்துக்கும் மற்ற சத்துக்கும் இடம் எங்கே இருக்கிறது?

குறைவாகச் சாப்பிடும் நாய்க்குக் கலோரியைத்தான் குறைக்க வேண்டும், சத்தைக் குறைக்கக் கூடாது. ஃபெடியாஃப் வழிகாட்டி இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. 110 மடங்கில் சாப்பிடும் நாயின் உணவில், ஈரம் நீக்கிய 100 கிராமுக்கு 18 கிராம் புரதம் குறைந்தபட்சம். 95 மடங்கில் சாப்பிடும் நாய்க்கு 21 கிராம். தட்டு சிறிதாவதால் அதில் உள்ளது அடர்த்தியாக இருக்க வேண்டும். சாதாரண உணவையே பாதியாக வெட்டிப் போடுவது எடையைக் குறைக்கும், கூடவே தசையையும் குறைக்கும். பெரிய அளவில் குறைக்க வேண்டியிருந்தால் எடைக் குறைப்புக்கென்றே தயாரிக்கும் உணவை மருத்துவரைக் கேட்டுத் தேர்வது நல்லது. வீட்டில் சமைப்பவர்கள் அரிசியைப் பாதியாக்கி, தோல் உரித்த கோழியையும் முட்டையையும் முன்னுக்குக் கொண்டுவரலாம். சுரைக்காய், பூசணி, பீன்ஸ், கேரட் வேகவைத்துக் கலந்தால் வயிறு நிரம்பும், கலோரி ஏறாது. கோழியும் சோறும் மட்டுமே தினமும் என்றால் கால்சியம் அநேகமாக இல்லை என்றே அர்த்தம். அதற்கென்று எலும்பைக் கொதிக்கவைத்துப் போட்டுவிடக் கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாம்பார் சோற்றில் வெங்காயமும் உப்பும் உண்டு, பாயசத்தில் திராட்சை உண்டு. வெங்காயம், பூண்டு, திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு.

தட்டில் விழுவதைக் கட்டுப்படுத்திய பிறகும் எடை இறங்காத வீடுகளில் ஆட்களைக் கணக்கெடுக்க வேண்டும். காலையில் அப்பா காப்பியோடு பிஸ்கட் போடுகிறார். இட்லியில் கடைசி ஒன்றைப் பாட்டி அதற்கென்றே ஒதுக்குகிறார். வேலைக்கு வரும் அக்காவோடு அதற்குத் தனி ஒப்பந்தம். கீழே போனால் டீக்கடை பொறை. குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமுக்கு சுமார் 450 கலோரி, ஒன்று 25 கலோரி என்று கொள்ளலாம். ஆறு பிஸ்கட்டில் 150 கலோரி போய்விடும். இதை நடந்து கரைத்துவிடலாம் என்று நினைப்பது இன்னொரு ஏமாற்றம். இந்த அளவு நாய் 1 கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய 30 முதல் 40 கலோரிதான் செலவாகிறது. அந்த ஆறு பிஸ்கட்டுக்கு 4 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்க வேண்டும். நடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தசைக்கும் மூட்டுக்கும் மனத்துக்கும் அது வேண்டும். எடையை முடிவு செய்வது மட்டும் தட்டுதான். நொறுக்குத் தீனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்களின் பொது வழக்கு. நம் நாய்க்கு அது 128 கலோரி. காலையிலேயே அன்றைய தீனியை ஒரு டப்பாவில் நிறுத்துப் போட்டு, வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்தே எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் யார் அன்புக்கும் தடையில்லை, கணக்கும் கெடாது.

இவ்வளவு கெடுபிடி தேவையா, வாழும் கொஞ்ச காலம் வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. அன்பிலிருந்து எழும் அந்தக் கேள்விக்குத் தக்க பதில் லேப்ரடார்களிடமிருந்தே கிடைத்திருக்கிறது. பியூரினா நிறுவனம் 1987-இல் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு வைத்ததைவிட அதன் ஜோடிக்கு 25 சதவீதம் குறைத்துக் கொடுத்தது. வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. முழு அளவு சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துச் சாப்பிட்டவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் ஏறக்குறைய 3 ஆண்டு தள்ளிப்போனது. முழு அளவு சாப்பிட்டவையும் குண்டு நாய்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்பது படி அளவுகோலில் அவை சராசரியாக 6.7, நம் தெருவில் "கொஞ்சம் பூசினாப்ல" என்று சொல்லும் அளவு. ஒல்லியானவை 4.6.

ஆய்வை நடத்தியது உணவு விற்கும் நிறுவனம், எடுத்துக்கொண்டது ஒரே இனம், வளர்ந்தது வீட்டில் இல்லை, கூடத்தில் என்ற மறுப்புகள் நியாயமானவை. ஆனால் குறைவாகப் போடுங்கள் என்ற முடிவால் உணவு விற்பவருக்கு என்ன லாபம் என்பதையும் யோசிக்க வேண்டும். 2019-இல் அமெரிக்காவில் வீட்டில் வளர்ந்த 50,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 12 இனங்களை ஆராய்ந்தபோதும், எடை கூடிய நாய்களுக்கு எல்லா இனத்திலும் ஆயுள் குறைந்தது. குறைந்த அளவு மட்டும் இனத்துக்கு இனம் மாறியது. ஆண் ஜெர்மன் ஷெப்பர்டில் 5 மாதம், ஆண் யார்க்‌ஷயர் டெரியரில் இரண்டரை ஆண்டு. பெரிய நாய்க்கு இழப்பு 5 மாதம்தானே என்று சமாதானம் கொள்ள முடியாது. 10 ஆண்டு வாழ்கிற விலங்குக்கு 5 மாதம் சின்னக் காலமில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வலியோடு எழுந்து வலியோடு படுத்த நாட்கள் அந்த எண்ணில் சேரவும் இல்லை.

வளரும் குட்டியின் கணக்கு தனி. ராட்சத இனக் குட்டிகளை வேகமாக வளர்க்கிறேன் என்று அளவில்லாமல் ஊட்டுவதும் கால்சியம் மாத்திரை சேர்ப்பதும் எலும்பைக் கோணலாக்கும். இந்தக் கட்டுரையின் எண்களைக் குட்டிகளுக்குப் போட வேண்டாம்.

ஒரு நாளின் அளவை எத்தனை வேளையாகப் பிரிப்பது என்பதிலும் பெரிய நாய்க்கு ஒரு விசேஷ அபாயம் உண்டு. மார்புக்கூடு ஆழமான இனங்களில் வயிறு காற்றால் உப்பித் திருகிக்கொள்ளும் கொடிய நிலை வரலாம். சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். ஒரே வேளையில் மொத்தமாகக் கொட்டுவது, வேகமாக விழுங்குவது இரண்டும் அதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. உயரமான ஸ்டாண்டில் கிண்ணம் வைத்தால் நல்லது என்று கடைகளில் சொல்கிறார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆய்வில் பெரிய நாய்களுக்கு அதுவும் ஆபத்தைக் கூட்டுவதாகவே தெரியவந்தது. ஆகவே இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்து, தரையில் வைப்பது போதும். உலர் உணவைத் தட்டில் கொட்டாமல் தரையில் சிதறவிட்டோ, உருட்டினால் ஒவ்வொன்றாக விழும் பந்தில் போட்டோ கொடுத்தால் அதே 400 கிராம் அரை மணி நேர வேலையாகும். நாள் முழுவதும் படுத்திருக்கும் நாய்க்கு அதுவே ஒரு சின்ன உலாவும் ஆகும்.

கணக்கிட்ட அளவைத் தொடங்கியபின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்க்க வேண்டும். 40 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏற முடியாது. மேடைத் தராசு உள்ள நாய் மருத்துவமனைகள் எல்லா நகரத்திலும் உண்டு, சிகிச்சை இல்லாமல் எடை பார்க்க மட்டும் போனால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அதுவும் முடியாதென்றால் இடுப்புச் சுற்றளவை டேப்பால் எடுத்துத் தேதி போட்டு எழுதிவைக்கலாம். எடை அப்படியே நின்றால் அளவைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இறங்கினால் வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாய்க்கு அது வாரத்துக்கு 400 முதல் 800 கிராம். பாதி அளவுக்கு ஒரேயடியாக வெட்டினால் நாய் குப்பையைக் கிளறும், வீடு மனம் பொறுக்காமல் நாலாம் நாளே பழையபடி திரும்பும். 95 மடங்கிலும் இறங்கவில்லை என்றால் ஓய்வுச் செலவின் அளவுக்கே, அதாவது 32 கிலோவுக்கான 940 கலோரிக்கே இறங்க வேண்டியிருக்கும். அதை மட்டும் மருத்துவரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும், உணவும் சத்து அடர்ந்ததாக மாற வேண்டும்.

சரியான எடைக்கு வந்த பிறகு பலர் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எடை குறைந்த நாயின் தேவை முன்பைவிடக் குறைவு என்பதால் போன எடை சில மாதத்தில் வந்து சேரும். குறைத்த அளவிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டி, எடை நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்த வேண்டும். வயதாகும்போது இந்த இடமும் நகரும். எட்டு, ஒன்பது வயதில் நடமாட்டம் இன்னும் குறையும், தேவையும் குறையும். ஆனால் முதுகெலும்பும் தொடையும் மெலிந்துகொண்டே வயிறு மட்டும் தொங்கினால் அது தசை கரைவதன் அறிகுறி, அப்போது புரதத்தைக் குறைக்கவே கூடாது. அளவை மாற்றாமலே எடை தானாக இறங்கத் தொடங்கினால், ஒருவழியாக மெலிந்துவிட்டது என்று மகிழாமல் அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். சிறுநீரகமோ சர்க்கரையோ கட்டியோ, அதைக் கண்டுபிடிக்கும் முதல் தடயம் பெரும்பாலும் நாம் தேதி போட்டு எழுதிவைத்த அந்த எடைக் குறிப்பில்தான் இருக்கும்.